எல்லையற்றது, ஆகவே முடிவற்றது

ஹெஃபெய், 1973 ஏப்ரல் 9

சுயினுக்கு,

என் கட்டுரை அச்சாகி வந்துவிட்டது. சாம்பல் நிறத் தாள், விரலில் மை ஒட்டுகிறது, என் பெயர் எழுத்தில் ஒரு கோட்டை விட்டுவிட்டார்கள். போகட்டும். பதினான்கு பக்கமும் அப்படியே வந்திருக்கின்றன. கல்லூரி இதழை மொத்தம் நானூறு பேர் வாங்குகிறார்கள், அதில் முந்நூறு பேர் அடுப்புப் பற்றவைக்கத்தான் வாங்குகிறார்கள். எனக்கு அதுவே போதும்.

வசந்த விழா விடுப்பில் அங்கே வந்திருந்தபோது நீ முழுக் கணக்கையும் பார்த்துச் சிவப்புப் பென்சிலால் சரி போட்டாயே, அந்தத் தைரியத்தில்தான் அனுப்பினேன். படிக்கிற காலத்திலிருந்தே உன் குறி விழாத கணக்கை நான் யாருக்கும் காட்டியதில்லை. நீ குறி போட்ட கைப்பிரதி உன்னிடமே இருக்கட்டும். பழையவை இருக்கும் அந்தத் தகரப் பெட்டியிலேயே போட்டுவை.

இப்போதும் எனக்கு நம்பமுடியவில்லை. இவ்வளவு பெரிய அண்டம், அதற்கு ஓர் அளவு இருக்கிறது. எங்கும் சுவர் இல்லை, வேலி இல்லை, ஆனாலும் அளவுக்கு உட்பட்டது. அதை நம் வீட்டு மாவுப்பலகை மேல் தாளை வைத்துக்கொண்டு கண்டுபிடித்தேன்.

இன்னொரு நல்ல செய்தி. எங்கள் கல்லூரிக் கட்சிச் செயலாளர் பாங் கூப்பிட்டார். உங்கள் இருவருடைய மாற்றல் விண்ணப்பமும் மாகாண அலுவலகத்தைத் தாண்டிவிட்டதாம். அடுத்த வசந்தத்துக்குள் ஆணை வந்துவிடும் என்றார். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒன்றரை அறை வீடு காலியாகிறது. ஜன்னல் கிழக்கே பார்க்கிறது. லான் உட்கார்ந்து பள்ளிப் பாடம் எழுத ஒரு மேசை செய்யச் சொல்லியிருக்கிறேன்.

போலின்


லான்ஜோவ், 1973 மே 2

போலினுக்கு,

உன் கடிதம் இருபது நாள் கழித்து வந்தது. யாரோ பிரித்துப் படித்துவிட்டு, ஒட்டும்போது இரண்டாம் பக்கத்தையும் சேர்த்து ஒட்டிவிட்டார்கள். இதையும் பிரிக்கப்போகிற தோழருக்கு ஒரு வேண்டுகோள்: பசையைக் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள்.

மாற்றல் பற்றி நீ எழுதியதை நான் இரண்டு தடவை படிக்கவில்லை. படித்தால் நம்பிவிடுவேன். நமக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம். ஆளுக்கு ஓர் ஊரில் வேலை போட்டார்கள், சேர்ந்திருக்க வருடத்துக்குப் பன்னிரண்டு நாள் விடுப்பு. ஆக நூற்றுமுப்பத்திரண்டு நாள் குடித்தனம் நடத்தியிருக்கிறோம். நாலரை மாதத் தம்பதிக்கு எட்டு வயதில் ஒரு பெண். ஒவ்வொரு வருடமும் பாதி வேலை முடிந்துவிட்டது என்கிறார்கள். அடுத்த வருடம் மீதியில் பாதி. அதற்கடுத்த வருடம் அதில் பாதி. இந்தத் தொடர் எங்கே போய் முடியும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாங்குக்குத்தான் தெரியாது.

தொழிற்சாலைப் பள்ளியில் எனக்கு இப்போது ஐந்தாம் வகுப்பு. பின்னம் சொல்லிக்கொடுக்கிறேன்.

நீ கண்டுபிடித்த அண்டத்தைப் பற்றி லானுக்குச் சொன்னேன். எறும்பு பூசணிக்காய் மேல் நேராக ஊர்ந்தால் புறப்பட்ட இடத்துக்கே வருவதுபோலத்தான் என்று சொன்னேன். அவள் கேட்டாள்: "அப்ப அப்பா நேரா நடந்துகிட்டே இருந்தா, நம்ம வீட்டுக்கு வந்துதானே ஆகணும்?"

பதினோராம் பக்கத்தைக் கொஞ்சம் அவசரமாக எழுதினாய் என்று நினைக்கிறேன். பரவாயில்லை, அச்சாகிவிட்டது. மேசைக்கு இழுப்பறை வைக்கச் சொல். பெண் எதையாவது பொறுக்கிக்கொண்டு வந்து சேர்த்துவைக்கிறாள்.

சுயின்


ஹெஃபெய், 1973 நவம்பர் 18

சுயினுக்கு,

நாளிதழைப் பார்த்திருப்பாய். பெயரைப் போடவில்லை, "ஒரு கல்லூரியில் ஒருவர்" என்று போட்டிருக்கிறார்கள். இங்கே சமையல்கட்டு வரைக்கும் அந்த ஒருவர் யார் என்று தெரியும்.

அவர்கள் வாதம் இதுதான். அண்டத்துக்கு அளவு உண்டென்றால் அதற்கு ஆரம்பமும் உண்டு. ஆரம்பம் இருந்தால் ஆரம்பித்துவைத்தவர் ஒருவர் இருக்கவேண்டும். ஆக நான் கடவுளைப் பின்வாசல் வழியாக உள்ளே அழைத்து வருகிறேன். அண்டம் முடிவற்றது என்பது தீர்ந்துபோன விஷயம், அதைச் சமன்பாட்டால் தொடுவதே குற்றம். சாப்பாட்டுக் கூடத்தில்தான் கூட்டம் போட்டார்கள். கையில் கிண்ணத்தோடு எல்லாரும் நின்றார்கள். பின்னால் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டது காதில் விழுந்தது: "இவரு என்னடி பண்ணாரு?" "அண்டத்தைச் சுருக்கிட்டாராம்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதையும் குறித்துக்கொண்டார்கள்.

தவறை ஒப்புக்கொண்டு தன்விமர்சனம் எழுதித் தரவேண்டும். முதலில் எழுதியது ஒன்பது பக்கம். பாங் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வாத்தியாரே, இது தப்பை ஒத்துக்கிற கடுதாசியா, பாடமா?" என்று திருப்பிக் கொடுத்தார். இரண்டாவதில், முடிவற்றது என்று ஏற்கிறேன், நிரூபணம் இன்னும் கிடைக்கவில்லை என்று எழுதினேன். அதுவும் திரும்பி வந்தது.

பாங் கெட்டவர் இல்லை. படையில் சமையல்காரராக இருந்தவர். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "நான் படிக்காதவன். அண்டத்துக்கு முடிவு இருக்கா இல்லையான்னு எனக்கென்ன தெரியும்? ஆனா உங்க பொண்டாட்டி பிள்ளை காகிதம் இந்த மேசையிலதான் கெடக்கு. முடிவே இல்லைன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, நான் முத்திரையைக் குத்திடுறேன். எனக்கு மேல இருக்கறவன் கேக்கறதுக்குள்ள குடுங்க."

எழுத உட்கார்ந்தால் கை வரமாட்டேன் என்கிறது. பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். என்ன செய்வது என்று நீதான் சொல்லவேண்டும். இதைத் தபாலில் போடவில்லை, அந்தப் பக்கம் வருகிற ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

போலின்


லான்ஜோவ், 1973 டிசம்பர் 7

போலினுக்கு,

உன்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். பொய் சொல்லத் தெரியாதவன் பொய் எழுத உட்கார்ந்தால் இப்படித்தான் ஒன்பது பக்கம் ஆகும். அதனால் நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், உன் கடிதத்தைக் கொண்டுவந்தவரே திரும்பும்போது எடுத்துவருகிறார். ஒன்றேகால் பக்கம். நாளிதழில் வந்த வாக்கியங்களையே எடுத்து வரிசையாக அடுக்கியிருக்கிறேன். அவர்களுடைய வாக்கியத்தில் அவர்களே குற்றம் காணமுடியாது. இதை எழுத்துக்கு எழுத்துப் பார்த்து உன் கையெழுத்தில் எழுதிக் கொடு.

நான்காவது வரி உன் தொண்டையில் முள்ளாகக் குத்தும் என்று தெரியும். "அண்டம் எல்லையற்றது, ஆகவே முடிவற்றது." அந்த "ஆகவே" அங்கே வரக்கூடாது. பூசணிக்காய் மேல் ஊரும் எறும்புக்கும் எல்லை கிடையாது, அதற்காகப் பூசணிக்காய் முடிவற்றதாகிவிடாது. நம் பெண்ணுக்கே தெரிந்த விஷயம். இருந்தாலும் நாளிதழில் அப்படித்தான் இருக்கிறது, அப்படியே எழுதிவிடு. ஒரு சொல்தானே, போலின்.

உண்மைக்கு உன் கையெழுத்து தேவையில்லை. நீ ஒப்புக்கொண்டாலும் இல்லாவிட்டாலும் அண்டம் எப்படி இருக்கிறதோ அப்படியேதான் இருக்கும். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் அங்கே வருவதும் வராததும் உன் கையில்தான் இருக்கிறது.

இந்தக் குளிரில் லானின் விரல்கள் வெடித்துவிட்டன. ஜன்னல் கிழக்கே பார்க்கும் வீடு என்று எழுதினாயே, அதைத் தினம் கேட்டு உயிரை எடுக்கிறாள். காலையில் வெயில் எதுவரைக்கும் வரும் என்று அளந்து எழுதச் சொல்கிறாள்.

ஒன்றும் சேர்க்காதே. ஒன்றும் நீக்காதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

சுயின்


ஹெஃபெய், 1974 பிப்ரவரி 11

சுயினுக்கு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் பத்து நாள் கடத்திவிட்டேன்.

நீ அனுப்பியதை அப்படியே எழுதினேன். ஒரு சொல்லைக்கூட நீக்கவில்லை. நான்காவது வரியும் இருக்கிறது, "ஆகவே"யும் இருக்கிறது. கையெழுத்துப் போட்டேன், தேதி போட்டேன். மை காயட்டும் என்று வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது என் கையெழுத்து. அந்த வரி என் கையெழுத்தில் இருக்கிறது. நாளைக்கு ஒரு மாணவன் இதைப் படித்தால் நான் அப்படித்தான் நினைத்தேன் என்று எண்ணுவான் அல்லவா? பேனாவை எடுத்து அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் போட்டு, தாளின் அடியில் பொடி எழுத்தில் எழுதினேன்: "எல்லை இல்லாமை வேறு, முடிவு இல்லாமை வேறு. முதலாவதிலிருந்து இரண்டாவது பெறப்படாது."

அவ்வளவுதான். இரண்டே வாக்கியம். வேறெதையும் தொடவில்லை.

பாங் கவனிக்காமல் மேலே அனுப்பிவிட்டார். மேலே இருந்தவர் கவனித்துவிட்டார். தவறை ஒப்புக்கொள்கிற தாளிலேயே அடிக்குறிப்பு போட்டுக் கேலி செய்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இரண்டாவது கூட்டம் நடந்தது. இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாங் வெளியே வந்து என் முன்னால் நின்றார். "நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன் வாத்தியாரே?" என்று கேட்டார். அவரைச் சமையல்கட்டுக்கே மாற்றிவிட்டார்கள்.

உங்கள் மாற்றல் ஆணை ரத்து. அந்த வீட்டுக்கு வேறு ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். என்னை ஹுவாய் ஆற்றங்கரையில் உள்ள செங்கல் சூளைக்கு அனுப்புகிறார்கள். எவ்வளவு காலத்துக்கு என்று சொல்லவில்லை. வருட விடுப்பும் கிடையாது.

என்னைத் திட்டு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

போலின்


லான்ஜோவ், 1974 மார்ச் 15

போலினுக்கு,

இரண்டே வாக்கியம் என்கிறாய். அந்த இரண்டு வாக்கியத்தை யாருக்காக எழுதினாய்? அந்தத் தாளைப் படிக்கப்போகிறவர்கள் மூன்று பேர். மூவருக்கும் பின்னம்கூடத் தெரியாது. எங்கிருந்தோ ஒரு மாணவன் வந்து உன் தன்விமர்சனத்தைத் தோண்டியெடுத்துப் படிப்பானா? அவன் உன்னைத் தப்பாக நினைத்துவிடக்கூடாது என்று நீ எங்களை விட்டுக்கொடுத்தாய். இன்னும் பிறக்காத ஒருத்தனுக்குக் கொடுத்த மரியாதையை, விரல் வெடித்து உட்கார்ந்திருக்கிற உன் பெண்ணுக்குக் கொடுக்கவில்லையே.

நான் சொன்னது ஒன்றே ஒன்று. ஒன்றும் சேர்க்காதே என்றேன்.

வெயில் எதுவரைக்கும் வரும் என்று அவள் கேட்டாளே, அதற்கு இன்றுவரை நீ பதில் எழுதவில்லை. இனி எழுதவேண்டாம்.

உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். சொன்னால் நீ அந்த அடிக்குறிப்பைப் போட்டதற்காகத் தலையில் அடித்துக்கொள்வாய். வாய்வரை வந்துவிட்டது. வேண்டாம். சூளையில் கனமாகத் தூக்காதே, உன் முதுகு தாங்காது. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனியே அனுப்பியிருக்கிறேன்.

சுயின்


லான்ஜோவ், 1975 செப்டம்பர் 3

தோழர் சியூ போலின் அவர்களுக்கு,

என்னைப் பள்ளியிலிருந்து கொதிகலன் அறைக்கு மாற்றி ஐந்து மாதம் ஆகிறது. உங்களோடு உறவை முறித்துக்கொண்டதாக எழுதிக் கொடுத்தால் மறுபடி வகுப்பறைக்குப் போகலாம் என்கிறார்கள். எனக்காக மட்டும் என்றால் நான் கரி அள்ளிக்கொண்டே இருப்பேன். லானுக்கு வகுப்பில் சிவப்புக் கழுத்துத்துணி கொடுக்கவில்லை. நாற்பத்தாறு பிள்ளைகளில் அவள் ஒருத்திக்கு மட்டும் இல்லை. அணிவகுப்பு நடக்கும்போது அவளைக் கழிப்பறைப் பக்கம் போய் நிற்கச் சொல்கிறார்கள்.

மணவிலக்குத் தாள் இத்துடன் இருக்கிறது. மூன்று இடத்தில் கையெழுத்திடவும். குழந்தைக்கு இனி என் குடும்பப் பெயர், வென் லான்.

எதையும் சேர்க்காமல் கையெழுத்திடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வென் சுயின்


சூளை முகாம், 1975 அக்டோபர் 1

தோழர் வென் சுயின் அவர்களுக்கு,

மூன்று இடத்திலும் கையெழுத்திட்டிருக்கிறேன். எதையும் சேர்க்கவில்லை.

காலுறை ஒரு ஜோடி இன்னும் கிழியவில்லை.

சியூ போலின்


ஹெஃபெய், 1978 டிசம்பர் 10

சுயினுக்கு,

உன்னைப் பெயர் சொல்லி எழுத இன்னும் எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. தோழர் என்று எழுதிப் பார்த்தேன், கை நின்றுவிட்டது.

என்மீது எழுதிய குற்றங்களையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொண்டுவிட்டார்கள். அதற்கும் ஒரு கூட்டம், அதே சாப்பாட்டுக் கூடத்தில். சூளையிலிருந்து வந்து பத்து நாள் ஆகிறது. பாங்கைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது, இன்னும் கரண்டிதான் பிடிக்கிறார். என் கிண்ணத்தில் ஒரு அகப்பை கூடுதலாக ஊற்றினார். குடும்பத்தை வரவழைக்க விண்ணப்பத் தாளும் தந்திருக்கிறார்கள். குடும்பம் என்ற இடத்தில் நான் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. சுயின், மறுபடி கல்யாணத்தைப் பதிவு செய்துகொள்வோமா? உன்னைக் கேட்க எனக்கு வாய் இல்லை என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். பழைய கட்டுரையை மறுபடி அச்சிடப்போகிறோம், சரிபார்த்துக் கொடு என்றார்கள். ஐந்து வருடம் கழித்து எடுத்துப் படித்தேன். பதினோராம் பக்கம், கீழிருந்து மூன்றாவது வரி. ஒரு கழித்தல் குறியை அடுத்த வரிக்குக் கொண்டுபோகும்போது கூட்டலாக எழுதியிருக்கிறேன். நான்கு நாள் போட்டுப் பார்த்தேன், தப்பு தப்புதான். குறியைச் சரி செய்தால் வெளி வளைந்து தன்னிடமே திரும்பாது, போய்க்கொண்டே இருக்கிறது. என் சமன்பாட்டின்படி அண்டம் முடிவற்றது. அந்தக் கூட்டத்தில் கத்தினார்களே, ஏன் என்று தெரியாமலே அவர்கள் சொன்னது சரி. நேராக நடந்துகொண்டே இருக்கிறவன் வீட்டுக்குத் திரும்ப மாட்டான் என்று லானிடம் சொல்லிவிடு.

அடிக்குறிப்பு மட்டும் இப்போதும் சரி. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

நீயுமா இதைக் கவனிக்கவில்லை? உன் கண்ணுக்கு ஒரு புள்ளி தப்பாதே. அந்த ஊர்ப் புழுதி கண்ணில் விழுந்திருக்கும். நாம் இரண்டு பேருமே அன்றைக்கு ஏமாந்திருக்கிறோம். அந்த ஒரு நினைப்பில்தான் மனசு கொஞ்சம் ஆறுகிறது, பிழையைக்கூட நாம் சேர்ந்துதான் செய்திருக்கிறோம்.

பதில் எழுது.

போலின்


லான்ஜோவ், 1979 ஜனவரி 6

போலினுக்கு,

என் கண்ணில் புழுதி விழவில்லை. நான் அன்றைக்கே பார்த்தேன்.

விடுப்பின் கடைசி நாள். நீ மறுநாள் ரயிலுக்குக் கிளம்பவேண்டும். கைப்பிரதியை என்னிடம் கொடுத்துவிட்டு மாவு பிசைந்துகொண்டிருந்தாய். லான் உன் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தாள். நீ பாடினாய். கல்யாணமான பிறகு அதுவரை நீ பாடி நான் கேட்டதே இல்லை. பதினோராம் பக்கம் வந்ததும் குறி மாறியிருப்பது தெரிந்தது. மாவு ஒட்டிய கையோடு திரும்பி, "சரியாத்தானே இருக்கு?" என்றாய். நான் சரி போட்டுவிட்டேன். ஊருக்குப் போனதும் கடிதத்தில் சொல்லிக்கொள்ளலாம், இந்த ஒரு நாளாவது சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். ஒவ்வொரு கடிதத்திலும் அடுத்ததில் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன், அதற்குள் அச்சாகிவிட்டது என்று எழுதினாய்.

அதைக்கூட மன்னித்துவிடலாம். நாளிதழில் வந்தபோது வாயைத் திறந்திருக்கவேண்டும். கணக்கில் பிழை, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று நீ ஒரு வரி எழுதியிருந்தால் போதும். கணக்கைத் தப்பாகப் போட்டதற்கு யாரையும் சூளைக்கு அனுப்பமாட்டார்கள். பாங் முத்திரை குத்தியிருப்பார், நாங்கள் வந்திருப்போம். நீயும் பொய் எழுதவேண்டி இருந்திருக்காது. உண்மையையே எழுதியிருக்கலாம். எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டேதான் உனக்குப் பொய்யை எழுதி அனுப்பினேன். ஏன் என்றால், சாப்பாட்டுக் கூடத்தில் எல்லார் முன்னாலும் உன் கணக்கே தப்பு என்று தெரிந்து நீ நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நீ கண்டுபிடித்தது சரி என்ற ஒன்றாவது உன்னிடம் இருக்கட்டும் என்று நினைத்தேன். உனக்கு எது தாங்கும், எது தாங்காது என்று நானே முடிவு செய்துவிட்டேன். வாழ்நாள் முழுக்க உன் கணக்கைச் சரிபார்த்தவள், இதில் உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடிக்குறிப்புக்காக உன்னை எப்படித் திட்டினேன். நீ எழுதக்கூடாத இடத்தில் உண்மையை எழுதினாய். நான் எழுதவேண்டிய இடத்தில் எழுதவில்லை. இதில் யார் குற்றம் பெரியது என்று நான் தினமும் போட்டுப் பார்க்கிறேன். எப்படிப் போட்டாலும் என்னுடையதுதான் பெரியதாக வருகிறது.

மறுபடி பதிவு செய்துகொள்ளலாம் என்கிறாய். வேண்டாம். நீ என்னை மன்னித்துவிடுவாய், எனக்குத் தெரியும், இதைப் படித்து முடிப்பதற்குள் மன்னித்துவிடுவாய். காலையில் நீ கஞ்சி குடிக்கும்போது எதிரில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. லானுக்குப் பதின்மூன்று முடிந்துவிட்டது. நீ வரலாம் என்று சொன்னேன். கோபப்படவில்லை, அழவில்லை. பள்ளிப் படிவத்தில் அப்பா என்ற இடத்தில் மூன்று வருடமாகக் கோடு போட்டுத்தான் எழுதுகிறாள். "இப்ப அங்க என்னம்மா எழுதணும்?" என்று மட்டும் கேட்டாள். இருந்தபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

தகரப் பெட்டியைத் திறந்து பதினோராம் பக்கத்தை எடுத்தேன். இத்துடன் அனுப்புகிறேன். என் சிவப்புக் குறியை அடித்துவிட்டு, கீழிருந்து மூன்றாவது வரிக்குப் பக்கத்தில் "தவறு" என்று எழுதித் தேதி போட்டிருக்கிறேன். இன்றைய தேதிதான் போட்டிருக்கிறேன்.

சுயின்